தூக்குவாளியில் பதினான்கு மணி இருபது நிமிடம்

எங்கள் ஊர் விமான நிலையத்தில் தூரத்தை ஒரு கவுண்டரிலும் நேரத்தை இன்னொரு கவுண்டரிலும் கொடுக்கிறார்கள். இரண்டையும் வாங்கிக்கொள்ளாமல் விமானத்தில் ஏற முடியாது.

நான் ஆல்டர்விக் போகிறவன். எனக்குக் கொடுத்த தூரம் 9,412 கிலோமீட்டர். அதைச் சணல் உருண்டையாகச் சுற்றி வைத்திருந்தார்கள். உரிக்காத தேங்காய் அளவு இருந்தது.

"இதுல அவ்வளவும் இருக்குன்னு எப்படி நம்புறது?" என்று கேட்டேன்.

"அளந்து பாத்துக்கிடுங்க. அந்தா பெஞ்சு கெடக்கு," என்றார் கவுண்டரில் இருந்தவர்.

பெஞ்சில் ஒருவர் தன் உருண்டையைப் பிரித்து முழம் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தாடி இடுப்புவரை இறங்கியிருந்தது. நான் அளக்கவில்லை. சந்தேகத்தை மட்டும் கூட எடுத்துக்கொண்டேன்.

நான் முத்திரை ஆய்வாளர். இருபத்திரண்டு வருடங்களாகக் கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் படியையும் சோதிக்கிறேன். தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளியைத் தெருவில் நின்றே கண்டுபிடிப்பேன். உழக்கின் அடியை உள்ளே தட்டிவிட்டிருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். மனிதர்கள் குறைத்துத்தான் கொடுப்பார்கள். எவ்வளவு குறைக்கிறார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

அடுத்த கவுண்டரில் நேரத்தை எவர்சில்வர் தூக்குவாளியில் ஊற்றினார்கள். பார்க்க நீராகாரம்போல் இருந்தது. ஊற்றிய பெண் உயரத்தூக்கி ஊற்றினாள். நுரை விளிம்புவரை வந்தது.

"பதினாலு மணி இருபது நிமிசம். மூடிக்கோங்க."

"நுரை அடங்கட்டும்," என்றேன்.

காத்திருந்தோம். நுரை அடங்கியது. பதினான்கு மணி பத்து நிமிடம்தான் இருந்தது.

"பாத்தியளா?" என்றேன்.

அவள் பத்து நிமிடம் கூட ஊற்றினாள். எனக்குப் பின்னால் நின்ற யாரும் நுரை அடங்கக் காத்திருக்கவில்லை.

சுவரில் ஒரே ஒரு விதி எழுதியிருந்தது. தூரம் தீருமுன் நேரம் தீர்ந்துவிட்டால் பயணி இறங்க இயலாது.

மூன்றாவது கவுண்டரில் புறப்பாட்டுச் சான்று கேட்டார்கள். நான் ஊரில் இல்லை என்பது யாராவது ஒருவருக்குத் தெரியும் என்று கையெழுத்து வேண்டும். எனக்கு அது கிடைப்பது சிரமமாகத்தான் இருந்தது. மனைவி கிடையாது. நண்பர்களுடைய தராசுகளையும் நான் சோதித்திருக்கிறேன். கடைசியில் மளிகைக்கடை பால்பாண்டி நாடார் எழுதிக் கொடுத்தார். அவருடைய தராசை மூன்று முறை பறிமுதல் செய்திருக்கிறேன்.

'கோமதிநாயகம் ஊரில் இல்லாதது எங்கள் கடைத்தெருவுக்கே நன்றாகத் தெரியும்' என்று எழுதியிருந்தார்.

கவுண்டரில் இருந்தவர் அதை இரண்டுமுறை படித்தார். "செல்லும்," என்றார்.

கையெழுத்தோடு பால்பாண்டி நாடார் ஒரு பொட்டலமும் கொடுத்திருந்தார். கற்கண்டு. "புள்ள அழுதா வாயில போடுங்க. கால் கிலோ இருக்கு," என்றார். கையில் வாங்கியதும் தெரிந்தது. முந்நூறு கிராம் இருந்தது. ஏன் கூடக் கொடுத்தார் என்று விமான நிலையம்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிள்ளை என்றது என் மருமகள் வடிவை. தங்கை செண்பகத்தின் மகள். மூன்று வயது. ஆல்டர்விக்கில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அவளுக்குக் காது குத்து. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். வேறு மடியில் குத்தினால் ஓட்டை தூர்ந்துவிடும் என்று ஒரு பேச்சு. நான் அதை நம்பவில்லை. ஆனாலும் அந்த மடி என்னுடையதாக இருக்க வேண்டும்.

செண்பகம் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

"அண்ணே, வந்துருவேல்லா?"

"வந்துருவேன்."

"நீ வராட்டா இங்க ஆபீசுல இருந்து ஒரு பதில் மாமன அனுப்புவாகளாம்."

"அது யாரு?"

"யாரோ. ஆனா நல்லா உக்காருவாராம். அசையவே மாட்டாராம்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

விமானத்தில் எனக்கு நடைபாதை ஓரம். தூர உருண்டையை மடியில் வைத்து, நுனியை முன் இருக்கையின் கீழே உள்ள துவாரத்தில் கோர்க்க வேண்டும். பிறகு விமானம் இழுத்துக்கொள்ளும். எல்லோரும் கோர்த்தோம். பணிப்பெண் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். இருபது வயது இருக்கும்.

"தூக்குவாளியச் சாய்ச்சிராதீங்க சார்."

"ஒங்க விமானம் குலுங்காம போனா நான் ஏன் சாய்க்கப்போறேன் தங்கச்சி?"

அவள் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை. குறித்துக்கொண்டேன்.

ஜன்னல் ஓரத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது. தடித்த உருவம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் புற்றுமண். ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் துணியில் கட்டி வைத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் சம்மணம் போட்டார். முதுகு நேராக இருந்தது. விமானம் மேலே ஏறியது. அவர் அசையவில்லை.

அசையவே மாட்டாராம் என்று செண்பகம் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றார்.

"இங்கனதான்."

"எனக்குச் சங்கரன்கோயில் பக்கம். உச்சிமாகாளின்னு பேரு." அவர் ஒரு காகிதத்தைப் பிரித்தார். "கோமதியம்மன் புத்துமண்ணு. வச்சிக்கிடுங்க. நல்லபடியா போய்ச் சேருவோம்."

மறுக்க முடியவில்லை. அவரே என் நெற்றியில் வைத்துவிட்டார். அம்மன் பெயரில்தான் எனக்குப் பெயர் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு என்ன செய்வாரோ.

அவருடைய உருண்டையைப் பார்த்தேன். என்னுடையதைவிடச் சிறியதாக இருந்தது.

"ஒங்களுக்கு எவ்வளவு?"

"9,380."

"எனக்கு 9,412. ஒரே விமானம். ஒரே ஊர்."

"நமக்கு ஜன்னல் ஓரம்லா. அதான் கொஞ்சம் கொறச்சல்."

இதை அவர் நம்பிச் சொன்னாரா, என்னை நம்பவைக்கச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நாலாயிரம் கிலோமீட்டர் போனபிறகு அவர் எழுந்தார். உருண்டையையும் தூக்குவாளியையும் பையையும் என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் பிடிச்சிக்கிடுதேளா? பாத்ரூம் போய்ட்டு வாரேன்."

நம் ஆட்கள் பேருந்தில் ஏறினாலும் ரயிலில் ஏறினாலும் இதைத்தான் செய்வார்கள். முன்பின் தெரியாதவன் கையில் பையையும் பிள்ளையையும் கொடுத்துவிட்டு இறங்கித் தண்ணீர் பிடிக்கப் போவார்கள். விமானத்திலும் செய்கிறார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

கழிப்பறைக்குப் போகும் நடைபாதை அன்று நீண்டிருந்தது. போய்வந்தவர்கள் வழியில் இரண்டு இடத்தில் தேநீர் குடித்ததாகச் சொன்னார்கள். எனவே அவர் வரத் தாமதமாகும்.

அவருடைய பையைத் திறந்தேன். அடுத்தவர் பையை நான் திறப்பது கடமையின்போது மட்டும்தான். இது கடமை இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மேலே ஒரு அட்டை இருந்தது.

'மடிச் சான்று. பெயர்: உச்சிமாகாளி. பணி: பதில் மாமன். மடி அகலம்: பதினேழு அங்குலம். நடுக்கம்: இல்லை.'

முத்திரையைப் பார்த்தேன். நடப்பு ஆண்டு. விளிம்பு தேயவில்லை. எந்தக் குறையும் இல்லாத முத்திரையை நான் பார்த்ததே இல்லை. அதனால் சந்தேகம் கூடியது.

அடியில் ஒரு உத்தரவு. 'ஆல்டர்விக். வெள்ளிக்கிழமை. 10.30. குழந்தை: வடிவு.'

அதற்குக் கீழும் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. இருபத்திரண்டு வருடங்களில் ஒரு காகிதத்தைப் பாதியில் விட்டது அன்றுதான்.

என் மடியை அளந்து பார்த்தேன். சாணால் அளந்தால் பதினாலு அங்குலம்கூடத் தேறவில்லை.

அவருடைய தூக்குவாளியைத் திறந்தேன். மூடியில் சரியாக ஒரு மணி நேரம் பிடிக்கும். எனக்கு அளவு தவறாது. ஒரு மூடி எடுத்தேன். கீழே ஊற்றினேன். விமானத்தின் தரைவிரிப்பு அதைக் குடித்தது. உடனே அந்த இடம் வெளுத்தது. பிறகு நைந்தது. பிறகு நூல் பிரிந்து, கீழே தகரம் தெரிந்தது. காலை அதன்மேல் வைத்துக்கொண்டேன்.

மூடியைத் துடைத்து மூடினேன். கொட்டிய அளவு என்னவோ சரியாக இருந்தது. அதுதான் அருவருப்பாக இருந்தது.

அவர் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, நம்ம பொருளெல்லாம் பத்திரமா?"

"ம்."

"நீங்க இருக்கையில எனக்கு என்ன கவலை."

இதை ஏன் சொன்னார் என்று ஐந்நூறு கிலோமீட்டர் யோசித்தேன்.

பிறகு அவர் ஒரு பொட்டலத்தை அவிழ்த்தார். எலுமிச்சம்பழச் சோறு, கூழ்வற்றல். இலையை இரண்டாகக் கிழித்துப் பங்கு வைத்தார். பெரிய பங்கு என் பக்கம் வந்தது. தெரியாமல் வைத்துவிட்டாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்துத்தான் வைத்திருந்தார்.

"எனக்குப் பசி இல்ல."

"பசிக்கா சாப்பிடுதோம்? தூரத்துக்குச் சாப்பிடுதோம். சாப்பிடுங்கய்யா."

சாப்பிட்டேன்.

"என்ன சோலியா போறீக?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். பொய் சொல்கிறாரா என்று பார்க்கக் கேட்டேன்.

"மாமனாப் போறேன்."

"யாருக்கு?"

"யாருக்கு இல்லையோ அவுகளுக்கு. காது குத்துல உக்காரணும். அதான் நம்ம வேல. நாப்பது புள்ளைக ஆயிட்டு. தொட மரத்துப்போவும். சில புள்ளைக நனைச்சுப்புடும். மத்தபடி ஒண்ணும் கஷ்டமில்ல."

"இப்ப எத்தன?"

"ரெண்டு. ஒண்ணு பத்தரைக்கு. அதுக்கு நெசமான மாமன் இருக்காராம். வருவாரோ மாட்டாரோன்னு ஆபீசுல பயந்துக்கிட்டு என்னைய அனுப்புதாவ. அவரு வந்துட்டார்னா நான் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுக் கெளம்பிருவேன். அது ஒரு சந்தோசம் பாத்துக்கிடுங்க. வீணாப்போற வேலையில இருக்க சந்தோசம்."

நான் கூழ்வற்றலைக் கடிக்காமல் வைத்திருந்தேன்.

"இன்னொண்ணு?"

"பதினொன்னே காலுக்கு. அடுத்த தெரு. அந்த அம்மாவுக்குக் கூடப்பொறந்தவுகன்னு யாரும் கெடையாது. புள்ளைக்கு ஏழு வயசு. தள்ளிப் போட்டுக்கிட்டே வந்துட்டாக. 'எங்க மாமன் எந்த ஏரோப்ளேன்ல வாராரு'ன்னு அது தெனமும் கேக்குதாம்."

பணிப்பெண் அளவுக்குச்சியோடு வந்தாள். இப்போது அவளுக்கு நாற்பது வயது. இந்த வேலையில் அப்படித்தான். ஒவ்வொரு தூக்குவாளியாகக் குச்சியை விட்டுப் பார்த்தாள். என்னுடையது சரியாக இருந்தது. அவருடையதில் விட்டாள். எடுத்தாள். துடைத்து மறுபடி விட்டாள்.

"ஒரு மணி நேரம் கொறையுது சார்."

"அப்படியா?" என்றார் உச்சிமாகாளி. சற்று யோசித்தார். "பாத்ரூம் போற வழியில ஒரு ஆளுகிட்டப் பேசிக்கிட்டு நின்னுட்டேன். நம்ம தப்புதான்."

"இறங்குறதுக்கு முன்னால கடைசி வரிசைக்குப் போயிருங்க."

அவள் போய்விட்டாள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் இறங்க முடியாதவர்கள் இருந்தார்கள். வரிசைக்கு முன்னால் கோலம் போட்டிருந்தார்கள். ஒரு கொடியில் துணி காய்ந்தது. அவர்களுக்குக் குடும்ப அட்டையும் விமானத்திலேயே கொடுத்திருந்தார்கள். ஒரு அம்மாள் பதினோரு வருடமாக இருப்பதாகச் சொன்னார்கள். முகத்தில் குறையொன்றும் தெரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் மட்டும் பார்ப்பதில்லை.

உச்சிமாகாளி தாம்பாளத்தை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நீங்க எறங்கிருவீக. அந்தப் பதினொன்னே கால் புள்ளைய நீங்க ஒரு எட்டுப் பாத்து..." நிறுத்தினார். "அடடா. ஒங்கட்டச் சான்று இருக்காது. இல்ல?"

"இல்ல."

சான்று இல்லாத மடி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் செல்லாது. சொந்த மாமனுக்கு மட்டும்தான் சான்று தேவையில்லை. முத்திரையில்லாத கல்லை நானே எத்தனையோ பறிமுதல் செய்திருக்கிறேன்.

"சரி விடுங்க. அந்தப் புள்ளகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க. அடுத்த வருசம் வேற மாமன் வருவார்னு. நான் ஏமாத்திட்டேன்னு நெனச்சிரக் கூடாதுல்லா."

கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரம்தான் குறைவு. ஆளுக்கு அரை மணியாகப் பிரித்தால் இருவருமே இறங்க முடியாது. நான் இறங்கினால் வடிவுக்கு மாமன் உண்டு, அந்தப் பிள்ளைக்கு இல்லை. அவர் இறங்கினால் இரண்டு பிள்ளைகளுக்கும் மடி உண்டு. எப்படி நிறுத்தாலும் தட்டு ஒரே பக்கம்தான் இறங்கியது. தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒட்டியிருந்தது நான்தான்.

நெற்றியில் புற்றுமண் காய்ந்து தோலை இழுத்தது.

"உக்காருங்க அண்ணாச்சி," என்றேன்.

"என்ன?"

"ஒங்க ஒரு மணி நேரத்த நான்தான் கீழ ஊத்துனேன்."

காலை நகர்த்தினேன். அவர் தகரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்களா?"

"ஒங்க பையத் தெறந்து பாத்துட்டேன். பதினேழு அங்குலம்னு போட்டுருந்துச்சு. புத்தி போயிட்டு."

"நீங்க யாரு?"

"வடிவோட மாமன்."

நூறு கிலோமீட்டர்வரை அவர் அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சணல் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவருடைய தொந்தி குலுங்கியது. சிரிக்கிறார் என்று சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"நாப்பது புள்ளைக்கு உக்காந்துருக்கேன். ஒரு மடிக்கு இந்தச் சண்ட போட்ட மாமன நான் பாத்ததில்ல. குடுத்து வச்ச புள்ளதான்."

"கோவம் இல்லையா?"

"இருக்கு. எறங்குனப்புறம் படலாம்னு வச்சிருக்கேன்."

என் தூக்குவாளியைத் திறந்தேன். ஒரு மூடி எடுத்து அவருடையதில் ஊற்றினேன். நுரை வந்தது. அடங்கும்வரை காத்திருந்தேன். அடங்கியபிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

"அப்ப நீங்க?" என்றார்.

"நான் முத்திரை ஆய்வாளர். கொறச்சவன்தான் நெரப்பணும். அதான் சட்டம்."

அப்படி ஒரு சட்டம் இல்லை. பறிமுதல் மட்டும்தான் உண்டு.

பணிப்பெண்ணை அழைத்தோம். அவளுக்கு அறுபது வயதாகியிருந்தது. அம்மா என்று கூப்பிட வேண்டியிருந்தது. காது குத்துப் பயணத்தில் நேரம் கைமாறினால் மாற்றுப் படிவம் நிரப்ப வேண்டும் என்றார். கொண்டுவந்தார். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. ஆள். மடி. காதுகளின் எண்ணிக்கை.

உச்சிமாகாளி பேனாவை வாங்கினார். ஆள் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். மடி என்ற கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"ஒங்க பேரு என்ன அண்ணாச்சி?"

"கோமதிநாயகம்."

"அம்மன் பேரு. நெத்தியில வைக்கும்போதே சொல்லப்புடாதா? சந்தேகமாக்கும்?"

மடி என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினார்.

"சார், ஆளும் மடியும் வேற வேறயா இருக்க முடியாது," என்றார் பணிப்பெண்.

"முடியாதுன்னு எங்க போட்டுருக்கு?"

அவர் படிவத்தைப் புரட்டினார். முன்னாலும் பார்த்தார், பின்னாலும் பார்த்தார். போடவில்லை. முத்திரை குத்தினார். முத்திரை சற்றுச் சாய்ந்து விழுந்தது. நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"காது எத்தன?"

"ரெண்டு," என்றோம் இருவரும்.

வடிவுக்கு நான் கொண்டுவந்த தோடு இருந்த பெட்டியையும் பட்டுப்பாவாடையையும் அவரிடம் கொடுத்தேன். சில மணி நேரம் முன்னால்தான் பார்த்த ஆள். இன்ன பொருள் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்கலாமா என்று யோசித்தேன். காகிதம் இருந்தது. பேனா அவர் கையிலேயே இருந்தது. கற்கண்டுப் பொட்டலத்தையும் எடுத்து மேலே வைத்தேன்.

"எடது காத மொதல்ல," என்றேன்.

"தெரியும்."

"அழுவா."

"அழட்டும்."

"மாமன் எங்கன்னு கேட்டா?"

"மேல இருக்கார்னு சொல்லுதேன்."

"அப்படிச் சொல்லாதீக. செத்துப்போனவன் மாதிரி இருக்கும்."

"சரி. ஏரோப்ளேன்ல இருக்கார்னு சொல்லுதேன்."

"செண்பகத்துகிட்ட?"

"ஒங்கண்ணன் கொஞ்சம் முன்கோவிங்கேன். அவுகளுக்குத் தெரியாததா?"

மற்றவர்களுடைய உருண்டைகள் தீர்ந்தன. உச்சிமாகாளியுடையதும் தீர்ந்தது. தூக்குவாளியின் அடியில் அவருக்கு இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. அதைச் சொம்புத் தண்ணீர்போல் அண்ணாந்து குடித்துவிட்டு எழுந்தார். எனக்கு 679 கிலோமீட்டர் பாக்கி. தூக்குவாளி காலி. ஆகவே விமானம் மற்றவர்களுக்குத் தரையிறங்கியது. எனக்கு இறங்கவில்லை.

அவர்கள் வரிசையாக இறங்கினார்கள். அவருடைய ஜன்னல் வழியே பார்த்தேன். தரை தெரிந்தது. பனி விழுந்திருந்தது. உச்சிமாகாளி தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வேட்டியை மடித்துக்கட்டி நடந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அதே ஜன்னலில் வெறும் மேகம்.

சந்தேகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? நாற்பது பிள்ளைகள் என்றாரே, அதை யார் எண்ணியது? ஏழு வயதுப் பிள்ளை ஒன்று உண்மையில் இருக்கிறதா? உத்தரவின் கடைசி வரியை நான் படிக்கவே இல்லை. படிவம் அவர் பையில் போய்விட்டது. வழியில் என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டால் எனக்கு எப்படித் தெரியும்? இதுவரை நான் முழுக்கச் சோதிக்காமல் விட்டது இந்த ஒரு மனிதரைத்தான்.

அம்மனை நினைத்துக்கொண்டேன். வேண்டுதல் எதுவும் சரியாக வாயில் வரவில்லை. செருப்பைக் கழற்றினேன். இருக்கையில் சம்மணம் போட்டேன். முதுகை நேராக வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல முடியாது.

எவ்வளவு நேரம் போனது என்றும் சொல்ல முடியாது. என்னிடம் நேரம் இல்லை.

முதலில் சந்தன வாசனை வந்தது. பிறகு மடி கனத்தது.

குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு குதிகால்கள் என் கணுக்காலில் இடித்துக்கொண்டிருந்தன. பட்டுப்பாவாடையின் கரை முழங்காலில் உரசியது. ஒரு சிறிய கை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து முறுக்கியது. பொத்தான் முறுகியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் அசையவில்லை.

என் இடது தொடையை அந்தக் கால்கள் திடீரென்று இறுக்கின. நெஞ்சில் ஒரு தலை வந்து முட்டியது. சட்டை நனைந்து சூடாகியது. கையை எடுத்து, தலை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். எண்ணெய் தேய்த்து வாரிய முடி. "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல," என்றேன். அழுகை மெல்ல விக்கலாயிற்று. சின்ன வாயில் கற்கண்டு கடிபடும் சத்தம் கேட்டது.

பணிப்பெண் வந்து நின்றார். இப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. கையில் எனக்கான குடும்ப அட்டை.

"சார், கடைசி வரிசையில ஒங்களுக்கு எடம் ஒதுக்கியாச்சு. எந்திரிச்சு வாங்க."

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றேன். "இன்னொரு காது இருக்கு."